மூன்று நாள் வீட்டில் இருந்த வைரம்

எனக்கு விரல்கள் குட்டை. பள்ளியில் ஆர்மோனியம் சொல்லிக்கொடுக்க வந்தவர் என் கையைப் பார்த்துவிட்டு, நீ பாட்டு மட்டும் பாடினால் போதும் என்று சொல்லிவிட்டார். பாட்டும் எனக்கு வராது என்பது அவருக்கு அடுத்த வாரம் தெரிந்தது. அந்த விரல்களை வைத்துக்கொண்டுதான் நான் நெய்வேலியில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். ஸ்விட்ச் போர்டில் கார்டு என்கிற ஒயரை இழுத்துச் செருக நீள விரல் தேவையில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. அப்பாவுக்கு மின் நிலையத்தில் வேலை கிடைத்ததால் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. பக்கத்து குவார்ட்டர்ஸில் மலையாளம், எதிரில் மதுரை, பின் வரிசையில் தெலுங்கு. நட்டு வைத்த மரங்கள் அப்போதுதான் என் தோள் உயரம் வந்திருந்தன. ஜன்னல் கட்டையை எத்தனை தரம் துடைத்தாலும் மறுநாள் ஒரு படலம் கரித்தூள் படிந்திருக்கும். அம்மா துடைத்துத் துடைத்து அலுத்து, கடைசியில் அது ஜன்னலின் நிறம் என்று முடிவு செய்துகொண்டாள்.

சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத எந்திரங்களோடு ஜெர்மன் எஞ்சினியர்களும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய மனைவி, மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட எக்ஸ்சேஞ்சுக்கே நேரில் வந்துவிடுவார். ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடும்போது அவர் கையைப் பார்ப்பேன். விரல்கள் என்னுடையவை போலவே குட்டை, போதாததற்குக் கொஞ்சம் தடிமன். ஆனால் மோதிரம் போட்ட விரல் மட்டும் நீளமாகத் தெரியும். நாலைந்து தரம் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. அந்த மோதிரத்தின் வைரம் நம் ஊர்த் தோட்டில் இருப்பதுபோல வட்டமில்லை. நீளவாட்டில் முட்டை வடிவம். அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், எனக்கென்று ஒரு வைரம் வந்தால் அது ஓவல்தான். வைரம் எங்கிருந்து வரும் என்று நான் யோசிக்கவில்லை.

வைரம் குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து வந்தது. எனக்குப் பார்த்த மாப்பிள்ளை அந்தப் பக்கத்துக்காரர், சுரங்கத்தில் நிலக்கரி ஓடுகிற பெல்ட் பகுதியில் போர்மன். சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த குடும்பம். அப்பா இல்லை, அம்மாவும் அவரும் எங்களுக்கு நாலு பிளாக் தள்ளி குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். நிலம் போன பணத்தில் மிச்சமிருந்ததை வீண் செலவாகக் கரைய விடாமல் ஒரே கல்லாக வாங்கி மருமகள் விரலில் போட்டுவிட வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஆசை. நிச்சயதார்த்தத்துக்கு ஒற்றைக் கல் வைர மோதிரம் என்று அவர்களாகவே சொன்னார்கள். என் அப்பா சந்தோஷத்தில் வெற்றிலைத் தட்டைத் தலைகீழாக நீட்டினார்.

பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாளே சுரங்கத்திலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு அழைப்பு. எந்த நம்பர் வேண்டும் என்று கேட்டேன். நம்பர் வேண்டாம், மணி என்ன என்று சொன்னால் போதும் என்றது குரல். போர்மன்களுக்குக் கைக்கடிகாரம் உண்டு என்பது எனக்குத் தெரியாதா? பதினொன்று பத்து என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஷிப்டு தவறாமல் மணி கேட்பார். சூப்பர்வைசர் அம்மாள் எழுந்து வெளியே போன நேரமாக இருந்தால் மணியோடு இன்னும் இரண்டு வாக்கியம் கிடைக்கும். அப்படி ஒரு நாள்தான் ஓவல் கல்லைப் பற்றிச் சொன்னேன். அம்மாவிடம் பேசுவதாகச் சொன்னார்.

அவர் பேசுவதற்குள் அவருடைய அம்மா ஒரு வட்டக் கல்லைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவர்கள் பக்கத்து வழக்கம் அது. வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாதாம். வாங்குவதற்கு முன்னால் மூன்று நாள் சாமி அலமாரியில் வைத்துப் பார்ப்பார்கள். மூன்று நாளில் வீட்டில் கெட்டது ஒன்றும் நடக்காவிட்டால்தான் விலை பேசுவது. வியாபாரிகளும் தெரிந்த குடும்பம் என்றால் நம்பிக் கொடுத்துவிடுவார்கள். வட்டக் கல் வந்த இரண்டாம் நாள் ஊரில் அவர்கள் பசுவுக்குச் சினை கலைந்துவிட்டது. மூன்றாம் நாள் பால் திரிந்தது. கல் கடலூர் வியாபாரியிடமே திரும்பிப் போயிற்று. இதை அவர் போனில் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் போர்டு பெண் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

அடுத்த கல்லை நான் தேர்ந்தெடுக்கலாம் என்று அனுமதி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடலூர் வியாபாரி எங்கள் வீட்டுக்கே வந்தார். மாப்பிள்ளையின் அம்மாவும் வந்தார். நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். வியாபாரி ஜன்னலை ஒட்டி ஒரு வெள்ளைத் தாளை விரித்து, மடித்த பொட்டலங்களைப் பிரித்து, மூன்று ஓவல் கற்களை இடுக்கியால் எடுத்து வைத்தார். ஒன்று புளியங்கொட்டை மாதிரி அகலம். ஒன்று நெல் மாதிரி ஒல்லி. மூன்றாவது கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. அதைத்தான் எடுக்கப் போனேன். அவசரப்படாதீர்கள் என்றார் வியாபாரி. நீளக் கல்லில் ஒரு சங்கடம் உண்டாம். பட்டை தீட்டியது சரியில்லை என்றால் நடுவில் குறுக்கே ஒரு நிழல் விழும். குனிந்து பார்த்தால் நிழல் விழுந்தது. என் தலை மறைக்கிறதோ என்று நகர்ந்து பார்த்தேன். அப்போதும் அந்த இருட்டு அங்கேயே நின்றது.

எனக்கு அழுகை வராத குறை. வியாபாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்பையில் துழாவி, பாண்டிச்சேரியில் யாருக்கோ கொடுக்க வைத்திருந்ததாகச் சொல்லி நாலாவது பொட்டலம் ஒன்றை எடுத்தார். மற்றவற்றைவிடச் சிறிய கல். ஆனால் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் நடுவில் இருட்டில்லை. ஒளியின் நீரோட்டம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடையில்லாமல் ஓடியது. மோதிர விரல்மேல் வைத்துப் பார்த்தேன். விரல் நீண்டது. இது போதும் என்றேன்.

அந்த அம்மா கல்லைப் பார்த்து, முட்டையாட்டம் இருக்குதே என்று மட்டும் சொன்னார். பிறகு புடவை முந்தானையில் பொட்டலத்தை முடிந்துகொண்டு எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது என் அப்பாவிடம், குரலை உயர்த்தாமல், கறாராகச் சொன்னார்:

"ரெண்டாவது கல்லும் ஆவலன்னா, அப்புறம் கல்லச் சொல்லி குத்தமில்லீங்க."

அப்பாவுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. இந்தக் கல்லும் தவறினால் குறை கல்லில் இல்லை, பெண்ணின் ராசியில். சம்பந்தம் அதோடு சரி. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பசுவுக்குச் சினை கலைந்ததற்கும் என் ராசிக்கும் என்ன உறவு என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்பா என் காலை மிதித்தார்.

திங்கட்கிழமை மாலை விளக்கு வைத்த நேரத்தில் கல் அவர்கள் சாமி அலமாரிக்குள் போயிற்று. வியாழன் விளக்கு வைக்கும் வரை கெடு. செவ்வாயன்று மணி கேட்ட குரல், எல்லாம் நலம், பால்கூடப் பொங்கிற்று என்று கூடுதலாக அறிவித்தது. புதனன்று அவர் சம்பள உயர்வுக் காகிதமே வந்துவிட்டது. கல்லுக்குக் கோயில் கட்டலாம் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் ஹெட்போனைக் கழற்றியதும் நான் காலண்டரைப் பார்த்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

வியாழன் மூன்று மணி இருக்கும். சுரங்கத்து லைனில் விளக்கு எரிந்தது. அவர் குரல் இல்லை. ஆஸ்பத்திரி கொடுங்க, பெல்ட்ல ஒரு போர்மனுக்கு அடி என்றார் யாரோ. கார்டைச் செருகினேன். ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது விதி, கேட்டேன். ரோலரில் கை மாட்டிக்கொண்டது, வண்டி அனுப்பியாயிற்று என்பதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. பெல்ட்டில் போர்மன்கள் பலர். அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்கடுத்த அரை மணியில் மூன்று பேருக்கு ராங் நம்பர் கொடுத்தேன். சாமி அலமாரிக்குள் இருந்த அந்தக் கல்தான் கண்ணுக்குள் நின்றது. நான்தான் கேட்டு வாங்கினேன், நான்தான் விரலில் வைத்துப் பார்த்தேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரி லைனில் விளக்கு எரிந்தது. மணி என்ன என்று கேட்டது குரல்.

அவரே சொன்னார்: வலது கையில் இரண்டு விரலில் தையல், எலும்புக்கு ஒன்றுமில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வூட்ல யாரும் சொல்ல வேணாம். விளக்கு வெச்சப்புறம்தான் போவேன். இது நாளைக்குப் பட்ட அடி. சரிங்களா?"

காயத்தை வெள்ளிக்கிழமைக்கு ஒத்திவைத்துவிட்டார். பயமெல்லாம் கோபமாக மாற, அந்தக் கல்லைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்றேன். கல் வீட்டில் இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன், இங்கே நடந்தது அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் அழுதேன். சூப்பர்வைசர் அம்மாள் என்னைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஞாயிறு காலை அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். மூன்று நாளும் குறையில்லாமல் போயிற்று, கல்லை முடித்துவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னார். மகனுக்குக் கையில் அடி, ஆனால் அது வெள்ளிக்கிழமைதான் என்றும் சொன்னார். அப்பா முகமெல்லாம் சிரிப்பாக அம்மாவைக் காபி போடச் சொல்லி உள்ளே போனார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அது முடியாத காரியம். அதோடு, அந்த மூன்று இரவும் நான் சரியாகத் தூங்கவில்லை. பால் திரிந்ததற்குச் சிரித்தவள், இப்போது மேஜைமேல் இருந்த பொட்டலத்தைத் தொடப் பயந்தேன்.

"அத்தை, அடிபட்டது வியாழக்கிழமை. மூணு மணிக்கு. லைன் கொடுத்ததே நான்தான்" என்றேன்.

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"தெரியும்மா. அன்னிக்கு ராத்திரி வயிறு சரியில்ல, தயிர்சோத்தக் கிண்ணத்துல போட்டு ஸ்பூன் குடுன்னான். பொறந்ததுலேருந்து கையால பெசஞ்சு சாப்புடறவன். துண்டால கைய மூடிகினு ஒக்காந்துகினு இருக்கறான். பெத்தவளுக்குத் தெரியாதா?"

பிறகு ஏன் கல் நல்லது என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். மகன் சின்ன வயதில்கூடத் தன்னிடம் பொய் சொன்னதில்லை என்றார். அன்றைக்கு வலியை அடக்கிக்கொண்டு ஒரு பொய்யை அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னானாம். அப்போது கல் ஆகாது என்று சொன்னால் கல் மட்டும் போகாது, தன் பிள்ளையும் தனக்கு இல்லாமல் போய்விடுவான் என்று தோன்றியதாம். இந்த மனுஷியைப் பற்றி டெலிபோனில் நான் அடித்த கிண்டலெல்லாம் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

பொட்டலத்தை என் பக்கமாகத் தள்ளினார்.

"எனக்கு பயம் போவலம்மா. பொய் சொல்ல மாட்டேன். உனக்கும் வந்திடிச்சி, மூஞ்சியிலயே தெரியுது. அவன் தெனம் மைன்ஸுக்குப் போவான். நைட் ஷிப்டும் போவான். நீதான் இதக் கைல போட்டுகினு வூட்ல இருக்கணும். முடியுமா? முடியாதுன்னா சொல்லிடு. வேற கல்லு பாக்கலாம். கண்ணாலம் நிக்காது."

மூன்று நாள் என்பது எவ்வளவு குறைந்த கெடு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணவர் உயிரோடு இருந்த காலமெல்லாம் இந்த அம்மாவும் அவர் வெளியே போனால் திரும்பி வரும்வரை இப்படிப் பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்திருப்பார். வேறு கல் வாங்கினாலும் அவர் மகன் போகப்போவது அதே சுரங்கத்துக்குத்தான். நான் உட்கார்ந்திருக்கப்போவதும் அதே வீட்டில்தான்.

"வேணும் அத்தை" என்றேன். காதில் விழவில்லை, இன்னொரு தரம் சொல் என்றார். சொன்னேன். பொட்டலத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களைத் தன் இரண்டு கைகளாலும் மூடினார்.