கலயத்துப் பிள்ளைக்கு எள் இனிப்பு

பிள்ளைக்கு வயது சொல்வதில் கார்த்தேஜ் வட்டாரத்தில் ஷெத்லியாவை மிஞ்ச ஆளில்லை. பிள்ளை செத்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், எரிந்தும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. உயிருள்ள பிள்ளை என்றால் அவளுக்குத் தகராறு. அடுத்த வீட்டு ஹெனியா ஒருமுறை பேரனைக் காட்டி, "எத்தன மாசம்னு சொல்லு பாப்போம்" என்றாள். ஷெத்லியா உற்றுப் பார்த்துவிட்டு, "பல்ல அறுத்துப் பாக்காம எப்படிச் சொல்றது?" என்றாள். அதற்கப்புறம் ஹெனியா பேரனை இவள் எதிரே தூக்கி வருவதில்லை.

வயது ஐம்பத்தேழு, கல்யாணம் ஆகவில்லை. வேலை, கடலோரத்துப் பழைய சுடுகாட்டில் தோண்டியெடுத்த மண்கலயங்களில் உள்ள சிசுக்களின் எலும்பைப் பிரித்து அளப்பது. அந்தக் காலத்து ஆட்கள் பிள்ளைகளைச் சாமிக்குப் பலி கொடுத்தார்களா, தானாகச் செத்ததைத்தான் எரித்தார்களா என்று உலகமே சண்டை போடுகிறது. படம் எடுக்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பலி வேண்டும். நம் பெரிய மனிதர்களுக்குப் பாட்டன் பூட்டன் மானம் வேண்டும். ஷெத்லியாவின் சீட்டில் 'பிறப்பை ஒட்டி' என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு கட்சியும் அதற்குள் சௌகரியமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

மானக் கட்சிக்குத் தலைவர், கலயங்களை வைத்திருக்கும் கிடங்கின் பொறுப்பாளர் ஃபர்ஜானி; ஊர் வழக்கப்படி மரியாதைக்குச் 'சீ ஃபர்ஜானி'. மனைவியை இழந்தவர். பல வருஷமாக மதியச் சாப்பாடு இவளோடுதான். அவர் ரொட்டியில் சூரை மீனும் மிளகாய் விழுதும் அடைத்துக் கொண்டுவருவார், இவள் ஆலிவ் காய். அவர் பேசுவார், இவள் கேட்பாள். வெள்ளி சாயங்காலம் அவர் "வரேன், லல்லா ஷெத்லியா" என்று அதே மரியாதையோடு கிளம்பினால், திங்கள் மதியம்வரை இவள் பேரைச் சொல்லிக் கூப்பிட நாதி கிடையாது. சில ஞாயிறுகளில் ரயிலில் டிக்கெட் கொடுப்பவனிடம் தெரிந்த ஊருக்கே வழி கேட்டிருக்கிறாள்.

கலயத்துப் பிள்ளை ஒன்றுகூடப் பிறப்பைத் தாண்டி உயிரோடு இருக்கவில்லை, அதனால் பலி என்பதே பொய் என்று அவர் பட்டணத்தில் ஒரு பெரிய சபையில் பேசவிருந்தார். அதற்கு முந்தைய வாரம் பார்த்தா அப்படி ஒரு கலயம் வர வேண்டும்? எலும்பின் நீளம் அப்போதுதான் பிறந்த பிள்ளை என்றது. ஆனால் நெருப்பு எலும்பைச் சுருக்கும். வயதையும் குறைத்துக் காட்டும். தாடைக்குள் முளைக்காமல் தப்பித்திருந்த ஒரு பல்லை மெல்லிசாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். கறுப்பாக ஒரு கோடு. பிள்ளை பிறந்த அதிர்ச்சி பல்லில் விழுகிற கோடு அது. அதற்கு வெளியேயும், அதாவது பிறந்த பிறகும், பல் வளர்ந்திருந்தது.

சொன்னால் மதியச் சாப்பாடு போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

இரண்டு நாள் வீட்டில் சும்மா கிடந்தாள். ஞாயிறு சாயங்காலம் ஹெனியாவின் கதவைத் தட்டினாள். "ஸிரீர் எப்படிப் பண்றது?"

"பிள்ளை பொறந்த வீட்டுப் பண்டம் உனக்கெதுக்குடி? யாருக்குப் பொறந்துருக்கு?"

"வேலை செய்ற எடத்துல."

"ஆணா பொண்ணா?"

"அது தெரியல."

"பொறந்தது தெரியுதாம், ஆணா பொண்ணா தெரியாதாம்! நல்ல ஆபீஸுடி உங்களுது. எள்ள வறுத்து நைசா அரை. கொட்டைப் பருப்பு, தேன். வெண்ணெய்ல மட்டும் கஞ்சம் பண்ணாத."

திங்கள் மதியம் இரண்டு குட்டிக் கண்ணாடிக் குவளைகளை மேஜைமேல் வைத்தாள். சீ ஃபர்ஜானிக்கு முகமெல்லாம் பல். "அட, ஸிரீர்! யாருக்குக் கொழந்த? வாசல் காவலாளிக்கா? இந்தக் கிழவனுக்கு இது ஒண்ணுதான் கேடு!"

"இல்ல சீ ஃபர்ஜானி. அலமாரில கலயத்துல இருக்கே, அதுக்கு."

கரண்டி பாதி வழியில் நின்றது. அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

"எவ்வளவு?"

"ஒரு மாசம். கொஞ்சம் கூடவும் இருக்கலாம்."

"நெருப்புல விரிசல் விடும், லல்லா. கோடாட்டம்தான் தெரியும்."

"விரிசல் குறுக்க ஓடும். இது பல்லோட வளைஞ்சு போவுது. வந்து பாருங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. "பிறப்பை ஒட்டின்னே போடுங்களேன். ஒரு மாசம் என்ன, ஒட்டினதுதானே?"

"ஒரு மாசம் அழுதிருக்கு. பால் குடிச்சிருக்கு. யாரோ தூக்கம் கெட்டிருக்காங்க."

"அப்ப கொன்னுட்டாங்கங்கறியா?" நீங்கள் போய் நீ வந்துவிட்டது.

"அது எனக்குத் தெரியாது. காய்ச்சல்லகூடப் போயிருக்கலாம். இருந்துச்சுங்கறேன், அவ்வளவுதான்."

கரண்டியை அப்படியே குவளையில் வைத்துவிட்டு எழுந்து போனார். சபையில் 'ஒன்றுகூட இல்லை' என்பது 'அநேகமாக இல்லை' என்று சுருங்கியது, கைதட்டல் சுருங்கவில்லை. அதற்கப்புறம் அவர் ரயிலடிக் காபிக் கடையில் சாப்பிட ஆரம்பித்தார். வழியில் பார்த்தால் சலாம் சொல்வார், மிக மரியாதையாக.

அந்தத் திங்களன்று, அவர் எழுந்து போனதும், ஷெத்லியா தன் குவளையைக் காலி செய்தாள். அவருடையதன்மேல் வெண்ணெய் ஆடை கட்டும்வரை காத்திருந்தாள். பிறகு அதையும் தின்றாள். தேன் ஒரு சொட்டு அதிகம். சொல்ல ஆளில்லை.

சாயங்காலம் மாடிப்படியில் ஹெனியா மறித்தாள். "பண்டம் எப்படி வந்துச்சு? பிள்ளை சௌக்கியமா?"

"ஒரு மாசம் இருந்துச்சு."

ஹெனியா வாயைப் பொத்திக்கொண்டாள். "அடப் பாவமே! பெத்தவ எப்படி இருக்கா?"

"அவளும் போயிட்டா."

"யா ரப்பி! எப்போ?"

"ரொம்ப நாளாச்சு."

ஹெனியா விடுவிடுவென்று படியேறிப் போனாள். இருட்டுவதற்குள், துக்க வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி, ஒரு தட்டு ரவைக் குஸ்குஸைத் துணி மூடிக் கொண்டுவந்து கொடுத்தாள். "சாப்புடு ஷெத்லியா" என்றாள். ஷெத்லியா திருத்தவில்லை. மறுநாள் அதைக் கிடங்குக்கு எடுத்துப்போய், சீ ஃபர்ஜானி உட்காரும் எதிர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, கலயம் இருந்த அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டாள்.