விக்கல் எடுத்த டாக்டரும் வாய் திறந்த சம்பத் அண்ணனும்

மூன்று வாரத்துக்கு முன் இரண்டு நாள் நான் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தேன். முதல் நாளே காரியத்தைக் கெடுத்தும் வைத்தேன் – ஒரே ஒரு சொல்லால்.

பெங்களூரில் இருக்கும் என் கல்லூரித் தோழிதான் போன் செய்தாள். பொலிவியாவிலிருந்து லூசியா என்றொரு பெண் வந்திருக்கிறாராம். சுரங்கத் தொழிலாளர் வீடுகளில் என்னென்ன கைவைத்தியம் செய்கிறார்கள் என்று நாடு நாடாகப் போய் ஆராய்கிறாராம். கோலார் தங்க வயலில் இரண்டு நாள் அவரோடு சுற்ற முடியுமா?

முடியாதா பின்னே? ஆண்டர்சன்பேட்டையில் பிறந்து, வளர்ந்து, இன்னும் அங்கேயே குடியிருப்பவள் நான். எங்கள் வீட்டில் ஜலதோஷத்துக்கு மட்டுமே நாலு வைத்தியம் உண்டு!

லூசியாவுக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய அப்பா வெள்ளீயச் சுரங்கத்தில் வேலை செய்தவர். லூசியாவை நேராக சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்புக்கு அழைத்துப் போனேன். முதல் வீடு சம்பத் அண்ணனுடையது. என் அண்ணனோடு பள்ளியில் படித்தவர். சுரங்கம் மூடும்வரை அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். வாசலிலேயே கம்பீரமாக அறிமுகம் செய்தேன்.

"அண்ணே, இவங்க டாக்டர் லூசியா."

அதுதான் அந்தச் சொல்.

லூசியா ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர். ஆனால் எங்கள் ஊரில் டாக்டர் என்றால் ஊசி போடுபவர். அண்ணனின் மனைவி ராணி அண்ணி சட்டென்று உள்ளே போய், ஆஸ்பத்திரி ஃபைலோடு வந்துவிட்டார்.

"ரெண்டு மாசமா இவருக்குத் தலை சுத்துதும்மா. போன வாரம் கொழாயாண்ட வுழுந்துட்டாரு. சக்கரைக்கு மாத்திரை துன்னுகினுதான் கீறாரு. இன்னான்னு கொஞ்சம் பாக்கச் சொல்லு."

பத்தே நிமிடத்தில் அந்த லைன் வீடுகளில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் எக்ஸ்ரேயை வெயிலில் தூக்கிப் பிடித்தார். இன்னொருவர் கேட்காமலேயே நாக்கை நீட்டினார். ஓர் அம்மா, "ஊசி வாணாம், மாத்திரையா குடுக்கச் சொல்லு" என்றார்.

"ஐயோ, இவங்க அந்த டாக்டர் இல்லை!" என்று கத்தினேன்.

"பின்ன எந்த டாக்டரு?"

"படிச்சுப் பட்டம் வாங்கின டாக்டர்."

"நம்ம டாக்டரும் படிச்சுத்தானம்மா பட்டம் வாங்கினாரு?"

அப்புறம் லூசியா கேள்விகளைக் கேட்டார். இருமல் வந்தால் என்ன செய்வீர்கள்? ஆஸ்பத்திரி. ஜுரம்? ஆஸ்பத்திரி. சுளுக்கு? அதற்கும் ஆஸ்பத்திரிதான்! இப்படிச் சொன்ன எதிர்வீட்டுப் பெண்மணியின் அடுப்படியிலிருந்து நொச்சி இலை வேகும் வாசனை தெருவரைக்கும் வந்துகொண்டிருந்தது. சம்பத் அண்ணனோ கூரையைப் பார்த்துக்கொண்டே, "டாக்டரு குடுத்த மாத்திரை மட்டும்தாம்மா. வேற ஒண்ணியும் கிடையாது" என்றார்.

டாக்டர் என்று ஒருவர் எதிரே உட்கார்ந்துவிட்டால் நமக்கு ஏன் இப்படி ஆகிறது? பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி, எது சரியான விடையோ அதை மட்டும் சொல்கிறோம்.

சாயங்காலம் லூசியா நோட்டை மூடினார். ஏறக்குறைய வெள்ளைத்தாள். "இங்கே வீட்டு வைத்தியமே இல்லை போலிருக்கிறது" என்றார் சோகமாக. மறுநாள் ஒரு நாள்தான் பாக்கி. இத்தனை தூரம் வந்தவர் வெறுங்கையோடு போகப்போகிறார், என் ஒரு சொல்லால்.

மறுநாள் ஆண்டர்சன்பேட்டை பஜாரில் மிளகாய் பஜ்ஜியைப் பார்த்தார் லூசியா. வேண்டாம் என்றேன். "எங்கள் ஊர் மிளகாயை நீங்கள் பார்த்ததில்லை" என்று இரண்டு தின்றார். சம்பத் அண்ணன் வீட்டுக்குள் நுழையும்போது ஆரம்பித்தது விக்கல்.

கேள்வி கேட்க வாயைத் திறந்தால் – ஹிக்! பேனாவை எடுத்தால் – ஹிக்!

ராணி அண்ணியின் முகமே மாறிவிட்டது. எதிரில் இருந்தது இப்போது டாக்டர் அல்ல. விக்கல் எடுக்கும் பெண்.

"மூச்சை அடக்கிகினு ஏழு மொணறு தண்ணி குடிக்கச் சொல்லு!"

"சக்கரைய நாக்குக்கு அடியில வைக்கணும்" என்றபடி ஓடி வந்தார் பக்கத்து வீட்டு மஞ்சுளா.

"அதெல்லாம் வாணாம். பாஸ்போர்ட்டு காணாமப் பூட்ச்சின்னு சொல்லும்மா, பயத்துல நின்னுடும்" என்றார் சம்பத் அண்ணன்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அந்த அளவு பொறுப்பு எனக்கு உண்டு.

அதற்குள் ராணி அண்ணி தன் சேலை ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிய்த்து, எச்சில் தொட்டு, லூசியாவின் உச்சந்தலையில் ஒட்டினார். கைக்குழந்தைக்குச் செய்வது!

லூசியா மெல்லத் தலையைத் தடவிப் பார்த்தார்.

"எங்கள் வீட்டில்... ஹிக்... நெற்றியில் வைப்பார்கள். சிவப்பு நூல்!"

மொழிபெயர்த்தேன். அண்ணி அசரவில்லை. "கலர்ல இன்னா கீது? எச்சில்தான் மருந்து."

லூசியா விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்தபோது விக்கல் நின்றிருந்தது. எதனால் நின்றது? தண்ணீர்க் கட்சிக்கும் சர்க்கரைக் கட்சிக்கும் நூல் கட்சிக்கும் சண்டை இன்றுவரை தீரவில்லை.

ஆனால் அணை உடைந்தது. நேற்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி என்ற அதே வாய்களிலிருந்து கஷாயமும் பற்றும் ஒத்தடமும் கொட்டின. தமிழிலிருந்தும் கன்னடத்திலிருந்தும் மாறி மாறி ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து எனக்குத் தொண்டை கட்டியது. அதற்கும் மூன்று வைத்தியம் சொன்னார்கள்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த சம்பத் அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இதெல்லாம் இன்னா பெரிய வைத்தியம்? நான் டெய்லி காலைல, இவ எழுந்துக்கிறதுக்கு முன்னாடி, சிறுகுறிஞ்சான் கசாயம் ஒரு சொம்பு குடிக்கிறேன். சக்கரை என்னைக் கண்டா ஓடுது!"

"மாத்திரையோடவா?" என்றார் அண்ணி.

"ஆமா. ரெண்டும் சேந்தா டபுள் ஷிப்ட்டு மாதிரி."

"எத்தினி நாளா?"

"ஒரு... ரெண்டு மாசமா."

மொழிபெயர்த்தேன். லூசியா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. ஆனால் இதை இவருடைய டாக்டரிடம் இன்றே சொல்ல வேண்டும். என் அப்பாவும் இப்படித்தான் மறைத்தார். சிரிப்பார்களோ என்று வெட்கம். எங்களுக்குத் தெரிய வந்தபோது அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார்."

அதையும் தமிழில் சொன்னேன். அண்ணன் யாரையும் பார்க்காமல், "அந்த டாக்டரு கத்துவாரும்மா" என்றார். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றார். ரத்தத்தைப் பார்த்தார்கள். மாத்திரையும் கஷாயமும் சேர்ந்து சர்க்கரையை ரொம்பவே இறக்கியிருந்தன. உடனே குளுக்கோஸ் கொடுத்து உட்கார வைத்தார்கள். டாக்டர் கத்தவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ரெண்டு மாசமா டெஸ்ட்டு மேல டெஸ்ட்டு எடுக்கிறேனே சம்பத் சார்! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கலியே சார்."

"வேற ஏதாவது சாப்பிடறீங்களான்னு கேட்டேனே!"

"சாப்புடுறியான்னுதான கேட்டீங்க. இது குடிக்கிறது."

கஷாயம் நின்றது. அன்றிலிருந்து தலைசுற்றல் இல்லை. லூசியா இரண்டு நோட்டை நிரப்பிக்கொண்டு ஊருக்குப் போனார். நாடு நாடாகக் கைவைத்தியத்தை எழுதிவைத்து என்ன ஆகப்போகிறது என்று நான்கூட மனசுக்குள் நினைத்ததுண்டு. இனி நினைக்க மாட்டேன். எந்த இலை நல்லது என்பது அப்புறம். கேலி செய்யாமல் கேட்க ஓர் ஆள் வேண்டும் – அது முதலில்.

இதோடு முடித்திருப்பேன். நேற்று அந்த டாக்டரிடமிருந்து போன்.

"மேடம், சம்பத் சார் இப்போ எதையுமே மறைக்கிறதில்லை. இன்னிக்கு காலையில எத்தனை வேர்க்கடலை தின்னார்ங்கறதுல ஆரம்பிச்சு அரை மணி நேரம் சொன்னார். வெளியே இருபது பேர் நிக்கறாங்க..."

"நல்லதுதானே டாக்டர்?"

"நல்லதுதான் மேடம். ஆனா, கொஞ்சமாவது மறைக்கச் சொல்லுங்களேன்!"