வெளி ரத்தம் வேண்டாம் என்றவர்கள்

என் மகளை என் வீட்டுக்காரரின் அக்காள் மகனுக்கே கொடுத்தோம். அந்த அக்காள் எனக்கு நங்கை முறை. பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தார்கள். மகளுக்கு வெளியில் நல்ல நல்ல இடங்கள் வந்தன. "நமக்கு எதுக்கு அம்மணி வெளி ரத்தம்? எந்தம்பி மவ எனக்கு உரிமை" என்று நங்கை தாம்பாளத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டார். ரத்தத்தின்மேல் அவருக்கு அப்படி ஒரு பக்தி.

கல்யாணமாகிச் சில வருடங்கள் போயும் குழந்தை இல்லை. மகளுக்கு மாதவிலக்கு தோன்றினால் வரும், இல்லாவிட்டால் வராது. உடம்பு பெருத்தது, மோவாயில் முடி முளைத்தது. நங்கையின் பக்தி அதோடு தீர்ந்தது. "இது உம்பட பொறந்த ஊட்டுச் சீக்கு அம்மணி. எம்பட ஊட்ல ஆருக்கும் இல்ல" என்றார். பண்ணையில் முட்டையிடாத கோழியை எடைக்குப் போட்டுவிட்டுப் புதுக் குஞ்சு இறக்குவார்கள். மருமகளுக்கும் அதே சட்டம்தான் போலிருக்கிறது. மகனுக்கு வெள்ளகோவில் பக்கம் வேறு பெண் பார்க்கத் தரகரை அனுப்பிவிட்டார். மகள் அழுதாள். மாப்பிள்ளை பாவம், தாய் முகத்தையும் சீலிங் ஃபேனையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் மகளைக் கோயமுத்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். நங்கையும் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கூடவே வந்தார். குற்றம் என்னுடையதுதான் என்று டாக்டர் வாயால் கேட்க வேண்டுமாம்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "சினைப்பையில சின்னச் சின்ன நீர்க்கட்டியா இருக்குதுங்க. முட்டை ஒழுங்கா வெளிய வரல. இது பரம்பரையாவும் வரும்" என்றார்.

நங்கை முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க! இவ அம்மா ஊட்டுப் பரம்பரைங்க."

"அம்மா வழிலதான் வரோணும்னு இல்லீங்க, அப்பா வழிலயும் வரும். அப்பா கூடப் பொறந்தவங்க ஆருக்காச்சும் மாசம் தள்ளித் தள்ளி வந்துச்சா? கொழந்தை லேட்டா பொறந்துச்சா? மோவாயில முடி, சர்க்கரை?"

பெரியவர்களைக் காட்டிக்கொடுக்கும் பழக்கம் எனக்கில்லை. மகள்தான், "அத்தைக்கு எம்பட ஊட்டுக்காரரு பொறக்கவே ரொம்ப வருசம் ஆச்சுங்க. சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடறாங்க" என்றாள். நங்கை முந்தானையால் மோவாயை மூடிக்கொண்டார்.

"இவங்க மாமியார்தானுங்களே?" என்றார் டாக்டரம்மா.

"இவ அப்பனோட சொந்த அக்காளுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எந்தப் பக்கம்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. எடையக் கொறைச்சு மாத்திரை சாப்பிட்டா கொழந்தை பொறக்க நல்ல வாய்ப்பு இருக்குது. நீங்களே பெத்து வளத்திருக்கறீங்களே!" என்றார் நங்கையைப் பார்த்து.

பஸ்ஸில் நங்கை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். ரோட்டோரத்தில் அப்படி என்ன அதிசயம் கண்டாரோ தெரியாது. பல்லடம் வந்து வீட்டுக்குள் நுழைந்தால், தரகர் பெண்ணின் போட்டோவோடு காத்திருந்தார்.

"ஆருக்குங்க பொண்ணு?" என்று எரிந்து விழுந்தார் நங்கை. "எம்பட பையம் பொண்டாட்டி இதா நிக்கறாளே, கண்ணு தெரியலீங்களா?"

தரகர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன்.