மீன் எண்ணெய் பூசிய வண்டி

என் பழைய காரில் புதிதாக ஏறுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இது ஏன் இப்படி?" கியர் கம்பு ஏன் தரையில் இல்லாமல் ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கிறது? இண்டிகேட்டர் ஏன் வளைவு முடிந்தும் மினுக்கிக்கொண்டே இருக்கிறது? கதவை ஏன் லேசாகத் தூக்கிச் சாத்த வேண்டும்? நான் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். தொழிற்சாலையிலிருந்து அப்படித்தான் வந்தது. பிறவியிலேயே அப்படி. அதற்கு மேல் கேட்டால் இறங்கி மெட்ரோவில் போகலாம், காலடிப்பேட்டையில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்டேஷன் வந்துவிட்டது.

பெரிய பிறவிக் குணம் அதன் பெட்ரோல் பம்ப். என்ஜினோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வெயிலில், நெரிசலில், என்ஜின் காய்ந்தால் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியை இழுக்கப் பம்புக்குத் தெரியாது. வண்டி இருமிவிட்டு நின்றுவிடும். கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இது எத்தனை முறை நடந்திருக்கிறது என்று நான் எண்ணியதில்லை. இறங்குவேன், பானெட்டைத் திறப்பேன், பழைய துண்டை நனைத்துப் பம்பின் மேல் சுற்றுவேன், ஐந்து நிமிஷம் நிற்பேன். கிளம்பிவிடும். டோல்கேட்டில் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் டீ போடுவதற்கு முன் ஒரு சொம்பில் தண்ணீரை எடுத்து வைப்பார்.

இதையெல்லாம் மாற்றித் தருகிறேன் என்று வந்த மெக்கானிக்குகள் பலர். பம்பைக் கழற்றிவிட்டுக் கரண்டில் ஓடுவதை மாட்டலாம் என்றார் ஒருவர். "உங்க மூக்கு கூடத்தான் கோணலா கீது, மாத்திட்டீங்களா?" என்று கேட்டேன். அதன்பின் அவர் என்னிடம் பேசவில்லை. நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவள். கப்பல்காரன், லாரிக்காரன், கஸ்டம்ஸ்காரன் என்று எல்லோரிடமும் கத்திக் கத்தியே வேலை வாங்கியவள். என் வாயை மாற்றவும் பலர் முயன்றிருக்கிறார்கள்.

வண்டிக்கு ஒரே எதிரி உப்புக்காற்று. எங்கள் பக்கத்தில் ஜன்னல் கம்பியே பத்து வருஷம் தாங்காது. காசிமேட்டில் படகு வைத்திருக்கும் என் சித்தப்பா மகன்தான் அதற்கு வழி சொன்னான். "போட்டுக்கு அடிக்கிறத இதுக்கும் அடியேன்க்கா" என்றான். மரப் படகுகளுக்குப் பூசும் மீன் எண்ணெயைத்தான் சொன்னான். அன்றிலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை அவனே வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பிரஷ்ஷால் பூசிவிட்டுப் போவான். சைலன்ஸர் குழாய்க்கு மட்டும் ஈரச் சாக்கைச் சுற்றி மறைத்துக்கொள்வான். பூசிய பின் நாலு நாள் வெயிலில் காய வேண்டும். நாற்றம் பத்து நாளைக்கு இருக்கும். தெருப் பூனைகள் எல்லாம் வண்டிக்கு அடியில்தான் குடித்தனம் நடத்தும். ஆனால் இத்தனை வருஷத்தில் அடிப்பாகத்தில் ஒரு ஓட்டை விழுந்ததில்லை.

என் தம்பிக்கு இந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. அவன் இராயபுரத்தில் பிறந்து அண்ணா நகருக்குப் போனவன். போன பின் பேச்சையும் மாற்றிக்கொண்டான். அவன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "அக்கா, கல்யாணத்தன்னிக்கு நான் கார் அனுப்புறேன். உன் வண்டியை எடுத்துட்டு வராதே. பொண்ணு வீட்டுக்காரங்க பெரிய இடம்" என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாப்பிள்ளைக்கு நான் ஒரே அத்தை. யாரோ அனுப்பிய காரில் பார்சல் மாதிரி போய் இறங்க வேண்டுமாம். அந்த மாதம் வண்டியை ஆர்.டி.ஓ.விடம் எஃப்.சி. தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கோபத்தில் வாயை விட்டேன். "எஃப்.சி.யில தோத்துச்சின்னா மறுநாளே நானே இரும்புக் கடைக்கு ஓட்டிக்கினு போய் வுட்டுட்டு வர்றேன். ஜெயிச்சா, கல்யாணத்துக்கு அதுலதான் வருவேன். நீ வாயத் தொறக்கக் கூடாது."

"மாதா சத்தியமா?" என்றான்.

"மாதா சத்தியமா."

"ஒரே தடவைதான். அடுத்த வாரம் மறுபடியும் கொண்டுபோறேன்னு சொல்லக் கூடாது" என்றும் சேர்த்துக்கொண்டான். அவன் கெட்டிக்காரன். வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. அந்த வண்டி இல்லாமல் நான் எப்படி இருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்கவே முடியவில்லை.

பயத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். அடிப்பாகம் கருகருவென்று பளபளத்தால் இன்ஸ்பெக்டர் மெச்சுவார் என்று நினைத்து, சித்தப்பா மகனை வரச் சொன்னேன். கடலுக்குப் போயிருந்தவன் டெஸ்டுக்கு முதல் நாள் சாயங்காலம்தான் வந்தான். அவசரத்தில் சைலன்ஸருக்குச் சாக்கைச் சுற்றவில்லை. நானும் பார்க்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானை கூட இல்லை.

மறுநாள் ஆர்.டி.ஓ. மைதானத்தில் வெயில் சுட்டது. எனக்கு முன்னால் பதினைந்து வண்டிகள். வரிசை நகர நகர என்ஜினை ஓட விட்டு நின்றேன். என் முறை வரும்போது பூசிய எண்ணெயும் குழாயும் சேர்ந்து வேலையைக் காட்டின. வண்டிக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. கூடவே கருவாடு கருகும் நாற்றம். பக்கத்துச் சுவரிலிருந்து இரண்டு பூனைகள் குதித்து ஓடி வந்தன.

பிரேக் இன்ஸ்பெக்டர் இளம் வயதுக்காரர், கோயம்புத்தூர்ப் பக்கம். கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளியே நின்றார்.

"என்னங்கம்மா, வண்டி பத்திக்கிட்டு எரியுதுங்களா?"

"எரியல சார். மீன் எண்ணெய்."

"வண்டிக்கு எதுக்குங்க மீன் எண்ணெய்?"

"துருப் புடிக்காம இருக்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அறுபது வயது, காட்டன் புடவை, கழுத்தில் சிலுவை. பைத்தியம் என்று முடிவு கட்டியிருப்பார். "என்ஜின் புகை தள்ளுதுங்க. இதெல்லாம் பாஸ் பண்ண முடியாது. எடுத்துட்டுப் போங்க" என்று பேனாவைத் திறந்தார்.

"என்ஜின் பொகையா இருந்தா பின்னால குழாய் வாயிலதானே சார் வரணும்? வந்து பாருங்க. அங்க வருதா?"

"அம்மா, பின்னாடி வரிசை நிக்குதுங்க."

"நிக்கட்டும். நான் காலையிலேர்ந்து நிக்கல?"

எனக்குப் பின்னால் இருந்த லோடு ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கினார். "யக்கா, பேஜார் பண்ணாத, ஓரங்கட்டு!" என்று கத்தினார். "உன் வண்டியில ரெண்டு பிரேக் லைட்டும் எரியல, மொதல்ல அத்தப் பாரு நைனா!" என்று நானும் கத்தினேன். அவர் இறங்கிப் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு ஹாரனை விட்டுவிட்டார்.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், கர்சீப்பில் மறைத்துக்கொண்டார். பின்னால் வந்து குனிந்து குழாய் வாயைப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஒரு காகிதத்தைப் பிடித்துப் பார்த்தார். அதிலும் கறை ஒட்டவில்லை. பிறகு சோதனையை ஆரம்பித்தார். இண்டிகேட்டர் தானாகத் திரும்பவில்லை என்று எழுதப் போனார்.

"அது தானா திரும்பாது சார். கையால திருப்பணும். கம்பெனியிலேயே அப்படித்தான் செஞ்சான்."

"ரிப்பேர் பண்ணியிருக்கலாமேங்க."

"ரிப்பேர் ஆனாத்தானே சார் ரிப்பேர் பண்றது?"

வண்டியோடு வந்த கையேட்டை எடுத்து நீட்டினேன். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தாலும் படங்கள் தெளிவாகத்தான் இருந்தன. கியர், இண்டிகேட்டர், கை பிரேக் எல்லாம் அதில் இருந்தன. அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், எழுதப் போனதை எழுதவில்லை.

"சரிங்க, அந்தக் கோடு வரைக்கும் வேகமா போய் நிறுத்துங்க" என்றார்.

கியரைப் போட்டேன். வண்டி இருமியது, நின்றது. காலையிலிருந்து காய்ந்த பம்ப் கைவிட்டுவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

"அவ்வளவுதாங்கம்மா" என்றார் அவர். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "சரி பண்ணிட்டு அடுத்த வாரம் கொண்டு வாங்க."

"அடுத்த வாரம் கிடையாது சார். இன்னிக்கு நீங்க திருப்பி அனுப்பினா இது நாளைக்கு இரும்புக் கடையில கீது. மாதா மேல சத்தியம் பண்ணிட்டேன். அஞ்சு நிமிஷம் குடுங்க. ஆறாவது நிமிஷம் நீங்க என்னா சொன்னாலும் கேக்கறேன்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சுங்க" என்றார்.

பாட்டில் தண்ணீரைத் துண்டில் ஊற்றிப் பம்பில் சுற்றினேன். ஆவி உஸ்ஸென்று வந்தது. லோடு ஆட்டோக்காரர் தன் வண்டியிலிருந்து இன்னொரு பாட்டிலைக் கொண்டுவந்து கேட்காமலேயே நீட்டினார். நாலாவது நிமிஷம் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஒரே இழுப்பில் பிடித்தது. கோடு வரை வேகமாகப் போய் மிதித்தேன். முன் சக்கரம் கோட்டின் மேலேயே நின்றது, இப்படியும் அப்படியும் ஓர் அங்குலம் இழுக்கவில்லை.

இன்ஸ்பெக்டருக்கு மனம் ஆறவில்லை. தானே ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தார். கியர் பற்கள் கடகடவென்று கடித்தன. முன்னால் போக வேண்டியவர் பின்னால் போனார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். மூன்று தடவை முயன்றுவிட்டு வேர்வையோடு இறங்கினார்.

"உங்களைத் தவிர இதை யாரும் ஓட்ட முடியாதுங்கம்மா."

"வேற யாரு சார் ஓட்டணும்?"

கர்சீப்பால் நெற்றியைத் துடைத்தார். பிறகு பானெட்டின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஐந்து வருஷம்.

அங்கேயே நின்று தம்பிக்கு போன் போட்டேன். "பாஸ்" என்றேன். மறுபக்கம் சத்தமே இல்லை. நான் போட்ட நிபந்தனையை மீறி வாயைத் திறக்க முடியாமல் தவிக்கிறான் என்று எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. கடைசியில் பேசினான்.

"வண்டி இல்லக்கா விஷயம். அந்த வாசனை. பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட, நம்ம அப்பா ஹார்பர்ல ஆபீசரா இருந்தார்னு சொல்லியிருக்கேன்."

எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தோள்பட்டையில் ஒரு கைப்பிடி அளவுக்குத் தழும்பு இருந்தது. அந்தத் தோளில் உட்கார்ந்துதான் என் தம்பி சின்ன வயதில் மாதா தேரைப் பார்த்தான். வண்டியோடு இத்தனை வருஷம் அவன் போட்ட சண்டை யாரோடு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கத்த வேண்டும் போல இருந்தது. கத்த வரவில்லை.

"நானாப் போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்டா" என்றேன். "ஆனா என்னக் கேட்டா, பொய் சொல்ல மாட்டேன். வண்டியில வருவேன். வாசல்லதான் நிறுத்துவேன்."

அப்படியே செய்தேன். கல்யாணத்தன்று பட்டுப் புடவை கட்டி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, மாதா கோயில் படிக்கு நேர் எதிரில் கொண்டுபோய் நிறுத்தினேன். மீன் எண்ணெய் நாற்றம் இன்னும் முழுக்கப் போகவில்லை. பூக்கட்டிய கார்களுக்கு நடுவில் என் வண்டி நின்றது. தம்பி கோட்டு சூட்டோடு வந்தான். கூடவே பெண்ணின் அப்பா. தூத்துக்குடிக்காரர், பாரிமுனையில் மொத்த வியாபாரம். என்னைக் கும்பிட்டார், வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பிறகு மரியாதைக்குத்தான் கேட்டார்.

"அப்பாவும் ஹார்பர்லதான இருந்தாவ? எந்த செக்சன்ல ஆபீசர்?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் தம்பியைப் பார்த்தேன். இரக்கப்பட்டு ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது நிஜம். சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றதே இல்லை.

தம்பி ஓர் எட்டு முன்னால் வந்தான்.

"ஆபீசர் இல்லீங்க" என்றான். "எங்கப்பா மூட்ட தூக்குனாரு."

சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல், தோளை நிமிர்த்திக்கொண்டு படியேறினான். பெண்ணின் அப்பா இரண்டே எட்டில் அவனை எட்டிப் பிடித்து, அந்தத் தோளில் கையைப் போட்டுக்கொண்டு உள்ளே கூட்டிப் போனார்.