மாத்தளையில் திரும்பாத இரண்டு கழுத்துகள்

வலது தோளுக்கு மேலாகப் பின்னால் பார்ப்பதை நான் எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியாது. வலி வந்திருந்தால் அந்த நாளையாவது குறித்து வைத்திருப்பேன். வலி இல்லை. வங்கி வரிசையில் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடும் திரும்பினேன், அவ்வளவுதான். பத்திரிகை அலுவலக மேசையில் முப்பத்து நான்கு வருடம் குனிந்திருந்தவனுக்கு இது வயதோடு வருவது என்று நினைத்துக்கொண்டேன். கண்டியில் என்னைப் பார்க்கும் டொக்டர் அப்படி விடவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் வலி வரும்வரை காத்திருக்காமல் ஓர் இயன்மருத்துவரிடம் போங்கள் என்றார். மாத்தளையில் சனிக்கிழமைகளில் தனியாக நோயாளர்களைப் பார்க்கும் சிவகௌரியின் பெயரை ஒரு நண்பர் தந்தார். சனிக்கிழமை கழுத்து, ஞாயிற்றுக்கிழமை சீகிரியா என்று சென்ற மாதம் இரண்டு நாள் பயணமாக்கிக்கொண்டேன்.

கண்டியிலிருந்து மாத்தளைக்கு 26 கிலோமீட்டர். வெள்ளி பின்னேரம் 4.20க்குப் புறப்பட்ட சாதாரண பஸ் 5.35க்குக் கொண்டுபோய் விட்டது. கட்டணம் 118 ரூபாய். தங்கியது நகரத்துக்கு வடக்கே நான்கு கிலோமீட்டரில், பிரதான வீதியிலிருந்து பிரிந்து மேலேறும் ஒழுங்கையில் உள்ள ஒரு வீட்டு அறை. இரவுக்கு 4,500 ரூபாய், காலைச் சாப்பாட்டோடு. மறுநாள் ஒன்பது மணி கிளினிக்குக்கும் ஞாயிறு சீகிரியாவுக்கும் அந்த வீட்டுக்காரர் ஒரு முச்சக்கரவண்டி பேசித் தந்தார். சாரதி ரவூப் நானா, ஐம்பது தாண்டியவர், மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்தவர்.

சனி காலை 8.15க்கு வந்தார். அந்த ஒழுங்கை பிரதான வீதியோடு நேராகச் சேர்வதில்லை. சாய்ந்து, கிட்டத்தட்ட வீதிக்குப் பக்கத்திலேயே ஓடிவந்து சேர்கிறது. வடக்கே நாவுல பக்கமிருந்து வரும் வாகனங்களைப் பார்க்க வேண்டுமென்றால் வலது தோளுக்குப் பின்னால் திரும்ப வேண்டும். கண்ணாடியில் தெரிவது மேட்டுப் புல் மட்டும். நானா வண்டியை நிறுத்தினார்.

“சேர், சோத்துக்கைப் பக்கம் ஏதும் வருதா?”

நான் திரும்பினேன். என் கண் போய் நின்ற இடத்தில் வண்டியின் இரும்புக் கம்பியும் அதில் கட்டியிருந்த ரெக்சின் திரையும் இருந்தன. “ஒண்ணும் வரல்ல, போங்க” என்றேன்.

மரக்கறி ஏற்றிய லொறி ஒன்று வந்துகொண்டிருந்தது. நீண்ட ஹோர்ன் சத்தம் கேட்டது. நானா இடப்பக்கம் வெட்டினார். எங்கள் வலது கண்ணாடியை மடக்கிவிட்டு லொறி கடந்துபோனது. முன்னால் போய் நிறுத்திய லொறிக்காரர், கண்ணை வீட்டில் வைத்துவிட்டா வந்தாய் என்று சிங்களத்தில் கேட்டார். நானா கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டார். லொறி போனபிறகும் வண்டியை எடுக்கவில்லை.

“சேர் பாத்தீங்க தானே?”

“பாக்கல நானா. எனக்கு அந்தப் பக்கம் கழுத்து திரும்பாது. அதுக்குத்தான் கிளினிக் போறேன்.”

அவர் இருக்கையில் இடுப்போடு திரும்பி என்னைப் பார்த்தார். “எனக்கும் திரும்பாது சேர். அதாலதான் ஒங்கள்ட்டக் கேட்ட.”

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. கண்ணால் காணாததை எழுதியதில்லை என்று இளையவர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்டவருக்கு உடனே ஒரு பதில் கொடுக்க வேண்டும் என்ற மரியாதைக்காக இரண்டு உயிரை வைத்து ஒரு பொய்யைச் சொல்லியிருந்தேன்.

மீதி வழியில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் அவர் கதை வந்தது. இரண்டு வருடமாக இப்படித்தான். சந்திகளில் பின்னால் இருப்பவர்தான் அவருக்குக் கண். தினமும் ஏறும் ஒரு டீச்சர் கேட்காமலே பார்த்துச் சொல்லிவிடுவார். மாதம் இரண்டு தரம் சலூனில் முடி வெட்டி முடிந்ததும் சலூன்காரரைக் கொண்டு கழுத்தை நெட்டி முறித்துக்கொள்வார்; அன்று பகல் வரை லேசாக இருக்கும், பிறகு பழையபடி. கிளினிக் வாசலில் வாரத்துக்கு மூன்று நான்கு பேரை இறக்குபவர் ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டேன். கிளினிக் மிஸ் ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றார். வீட்டில் வேறு வருமானம் இல்லை. மகளுக்கு உயர்தரப் பரீட்சை வருகிறது.

சிவகௌரி யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க வேலையாக மாத்தளைக்கு வந்து பதினொரு வருடமாகிறது. தையல்காரரின் நாடாவால் என் நாடிக்கும், அதாவது முகவாய்க்கும், தோள் முனைக்கும் இடையே அளந்தார். முகத்தை இடப்பக்கம் திருப்பும்போது 11 சென்டிமீட்டர், வலப்பக்கம் 16. தூரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்றாகக் கழுத்து திரும்புகிறது என்றார். கையில் மரத்துப்போகும் விறைப்பு, தலைச்சுற்று, பிடி தளர்வு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு கழுத்தை விட்டுவிட்டு முதுகின் மேற்பகுதியை அழுத்திப் பார்த்தார். இறுக்கம் அங்கேதான் அதிகமாம். கொழும்பில் கைரோபிரக்டிக் முறையில் எலும்பைத் தட்டி நேராக்குகிறார்களே, அதற்குப் போகலாமா என்றேன். பயிற்சி பெற்றவர் முதலில் சோதித்துவிட்டுச் செய்தால் சிலருக்கு உதவும், ஆனால் வீட்டில் நீங்களாக அசையாவிட்டால் எவர் தட்டியும் பிரயோசனமில்லை என்றார். நாடியைக் குனியாமல் பின்னுக்கு இழுத்து ஐந்து விநாடி, பத்துத் தரம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு மேலுடம்பை மெதுவாகத் திருப்புவது. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நிற்பது. இவ்வளவுதான் என் மருந்து.

கடைசியில் காலையில் நடந்ததைச் சொன்னேன். நானாவைக் கேட்காமல் சொன்னது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. சிவகௌரி பேனையை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். நானாவை வண்டியிலேயே உட்காரச் சொல்லி, வலது பின்புறமாக மூன்று அடி தள்ளிப் போய் நின்றார்.

“தோளைத் திருப்பாமல் பாருங்கோ. எத்தினை விரல்?”

நானா கழுத்தை இழுத்துப் பார்த்தார். “மூணு.”

“நான் கையே தூக்கேல்லை.”

நானா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஸ்டியரிங் பிடியைத் தடவிக்கொண்டே கேட்டார்: “ஓட்ட வாணாம்னு செல்லப் போறீங்களா மிஸ்?”

“காணாததைக் கண்டனெண்டு சொல்லுற வரைக்கும் ஓட்டக் கூடாது. உள்ளுக்கு வாங்கோ, பாப்பம்.”

அவர் முன்னால் போனார். நானா சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து போக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. இருபத்தைந்து நிமிடம் கழித்து வெளியே வந்தார். கையில் பலம் சரி, விறைப்பு இல்லை. இது இறுகிய கழுத்துத்தான், மூன்று கிழமை தாருங்கள் என்றாராம். சலூன்காரரிடம் முடியை மட்டும் வெட்டச் சொல்லுங்கள் என்றும் சொன்னாராம். நானா மச்சானுக்குப் போன் எடுத்தார். அரை மணித்தியாலத்தில் வந்த மச்சான் சாவியை வாங்கினார். மூன்று வாரமும் மச்சான் ஓட்டுவது, வருமானம் ஆளுக்குப் பாதி என்று அந்த வாசலிலேயே பேசி முடித்தார்கள். மச்சானுக்கு வார நாளில்தான் வசதி. அதனால் என் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் இல்லாமல் போனது. நானா அதற்கும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிறு பஸ்ஸில்தான் போனேன். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்கு ஒன்றரை மணித்தியாலம், அங்கிருந்து சீகிரியாவுக்கு இன்னொரு பஸ்ஸில் நாற்பது நிமிடம். வெயில் ஏறிவிட்டதால் குன்றின் உச்சிக்குக் கீழுள்ள சிங்கப் பாதத்தோடு நிறுத்தி இறங்கினேன். நீங்கள் ஏறுவதானால் முதல் நாளே தம்புள்ளையில் தங்கிவிடுங்கள்.

இதே காரணத்துக்காக மாத்தளைக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். முதல் அமர்வு 45 நிமிடம், 2,500 ரூபாய், அடுத்தடுத்தவை 1,800. பழைய எக்ஸ்ரே, டொக்டர் எழுதித் தந்த துண்டு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். கொலர் இல்லாத தளர்ந்த சட்டை போடுங்கள். கை விறைத்தாலோ, பிடி தளர்ந்தாலோ, விழுந்து அடிபட்டபின் கழுத்து இறுகினாலோ முதலில் டொக்டரிடம்தான் போக வேண்டும். வலி வரட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். எங்கள் இருவருக்கும் அன்று வலி இல்லை; லொறிதான் வந்தது.

என் 16 சென்டிமீட்டர் இப்போது 13. நேற்று ரவூப் நானா போன் எடுத்தார். மூன்று கிழமை முடிந்து அதே வாசலில், அதே வண்டியில், மிஸ் ஐந்து தரம் சோதித்தாராம்.

“நாலு தரம் சரியாச் சென்னேன் சேர். கடேசித் தரம் தெரியல்லன்டு செல்லிட்டேன். இன்னும் ரெண்டு கிழமை ஓட்ட வாணாம்னுட்டாங்க.” பிறகு சொன்னார்: “ரெண்டு வெரல்னு ஒரு நெனப்பு இருந்திச்சி. செல்லீந்தா இன்னைக்கே ஓட்டியீக்கலாம்.”

எத்தனை விரல் என்று பிறகு கேட்டீர்களா என்றேன்.

“ரெண்டுதான் சேர்” என்றார்.