பச்சைச் சீசா தைலமும் படியாத முடியும்

என் கொழுந்தன் புளியங்குடியில் பெண் எடுத்தபோது, பெண்ணோடு சேர்ந்து முழங்கால் வரைக்கும் ஒரு கூந்தலும் எங்கள் வீட்டுக்குள் வந்தது. கறுகறுவென்று, ஒரு சுழிப்பு கிடையாது. சீப்பை வைத்தால் போதும், அதுபாட்டுக்குக் கீழே இறங்கிவிடும். ஆலாத்தி எடுக்கத் தட்டோடு நின்ற எனக்கு அப்போதே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? பொறாமை என்றால் பொறாமைதான்.

என் முடி வறட்டு முடி. அலை அலையாக வளைந்துகொண்டு போகும். கல்யாணமான கொஞ்ச வருஷத்திலேயே காதோரம் நரைத்துவிட்டதால் சாயம் வேறு. சாயம் போடப் போட நுனியெல்லாம் செம்பட்டையாகி, தொட்டால் தேங்காய் நார் மாதிரி இருக்கும். காலையில் இழுத்துப் பின்னினால், உலை கொதிப்பதற்குள் நெற்றியைச் சுற்றி முடியெல்லாம் எழுந்து நின்றுகொண்டு ஊரை வேடிக்கை பார்க்கும்.

சங்கரன்கோவில் ரத வீதியில் எங்களுக்குக் கடை. பவுடர், சோப்பு, ரிப்பன், வளையல், தைலம் எல்லாம் உண்டு. கடைக்குப் பின்னாலேயே வீடு, நடுவில் ஒரு திரை. யுத்தம் முடிந்து சீசாச் சரக்குகள் மறுபடி வரத் தொடங்கியிருந்த காலம் அது. புதிதாக எந்தத் தைலம் வந்தாலும் என் வீட்டுக்காரர் அதை முதலில் என் தலையில்தான் போட்டுப் பார்ப்பார். கம்பெனி ஏஜெண்டிடம், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "இந்த முடி படிஞ்சா எந்த முடியும் படிஞ்சிரும் வே. படியட்டும், பொறவு சரக்கு எடுக்கேன்" என்பார். ஏஜெண்டும் என் தலையைப் பார்த்துக் கவலைப்படுவார்.

விற்கும்போது மட்டும் தலை மாறிவிடும். பெண்கள் தைலம் கேட்டு வந்தால் என் வீட்டுக்காரர் திரையை விலக்கி, "உள்ள போயி என் தம்பி பொண்டாட்டி முடியப் பாருங்க, பாத்துட்டு வாங்குங்க" என்பார். அவள் நடையில் உட்கார்ந்து கூந்தலை விரித்துப் போடுவாள். வந்தவர்கள் "யம்மாடி!" என்று வாயில் கை வைப்பார்கள். சீசா விற்றுவிடும். அவளோ அந்தத் தைலத்தில் ஒரு சொட்டுகூடத் தொட்டவள் இல்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்தக் கடையில் நின்றுகொண்டு, நாலு பேர் காதில் விழ, "என் வீட்டுக்காரி முடியப் பாருங்க" என்று அவர் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை சொன்னால் போதும்.

அதற்காக நான் படாத பாடு இல்லை. விளக்கெண்ணெய் தேய்த்தேன். முடி படிந்தது, கூடவே தலையணையும் ரவிக்கையும் பிசுபிசுத்துப் போயின. வாசலின் தடவினேன், தெருப்புழுதி முழுக்க என் தலையில் வந்து ஒட்டிக்கொண்டது. ஆண்கள் போடுகிற கிரீமைத் திருட்டுத்தனமாகப் போட்டுப் பார்த்தேன். "என்னட்டி, சலூன் வாசம் அடிக்கி?" என்று அத்தை கண்டுபிடித்துவிட்டாள்.

கடைசியில் எனக்கு ஒரு புத்தி வந்தது. இந்த ஊர்க்காரிக்கு மட்டும்தான் அப்படி ஒரு புத்தி வரும். கோவிலில் தருகிற புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினால் சொறியும் சிரங்கும் ஆறித் தோல் வழுவழுப்பாகிறதே, முடிக்கு மட்டும் ஆகாதா? ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஒரு கிண்ணம் புற்றுமண்ணைக் குழைத்துத் தலை முழுக்க அப்பிக்கொண்டு முற்றத்து வெயிலில் உட்கார்ந்தேன். ஆடி மாதக் காற்றும் சேர்ந்துகொண்டது. மண் இறுகிச் சுவராகிவிட்டது. விரல்கூட நுழையவில்லை.

"சாமி மண்ண இப்படியா கொண்டு போயி அப்புவா ஒருத்தி?" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் மண் கரையவில்லை. என் ஓரகத்திதான் மாட்டுக்கு வைத்திருந்த வடிகஞ்சியைப் பானையோடு தூக்கி வந்து, என் தலையில் ஊற்றி ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை உருவி எடுத்தாள். எடுத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு இந்தப் பாடெல்லாம் இல்லக்கா. வெறும் நல்லெண்ணெயே போதும்."

அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பானையை அவள் தலையிலேயே கவிழ்க்கலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து, புதிதாக வந்த பச்சைச் சீசாவோடு என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். "ஏஜெண்டு உக்காந்திருக்காரு, சீக்கிரம் போட்டுட்டு வா" என்றார். தலையைத் துவட்ட நேரமில்லை. ஈரத்திலேயே உள்ளங்கையில் சில சொட்டு விட்டு, நுனியிலிருந்து மேலாகத் தடவி, சிக்கெடுத்துப் பின்னிக்கொண்டேன்.

சாயங்காலம் காய்ந்த பிறகு கண்ணாடி பார்த்தேன். நெற்றியில் ஒரு முடி எழும்பவில்லை. அலைகூட அடங்கி, பட்டு நூல் மாதிரி மடிந்து கிடந்தது. நான் ஓடிப்போய் என் வீட்டுக்காரர் முன்னால் நின்றேன். அவர் தலையைப் பார்த்தார். சீசாவைப் பார்த்தார். "நல்ல தைலம்தான்" என்றார். பெட்டி பெட்டியாக எடுத்தார். என் தலையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

தபசுக் கூட்டம் வந்தது. கடையில் நிற்க இடமில்லை. என் வீட்டுக்காரர் பச்சைச் சீசாவைத் தூக்கிப் பிடித்தார், திரையை விலக்கினார். "என் தம்பி பொண்டாட்டி முடியப் பாருங்க!" நான் அடுப்படியில் நின்றுகொண்டு அழுதேன். வெங்காயம்கூட உரிக்கவில்லை.

அப்போது மேலநீலிதநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் நடையில் நின்று என் ஓரகத்தியை மேலும் கீழும் பார்த்தாள். "இது ஆண்டவன் குடுத்த முடில்லா அண்ணாச்சி. வெறுந்தண்ணியத் தடவுனாலும் மினுங்கும்" என்றாள். முக்காட்டை இறக்கிச் சாயம் வெளுத்த தன் தலையைக் காட்டினாள். "இந்த மாதிரி நார்த்தலை ஒண்ணு படிஞ்சிருந்தாக் காட்டுங்க. வாங்குதேன்."

என் வீட்டுக்காரர் திருதிருவென்று முழித்தார். யாரும் கூப்பிடாமலே நான் போய் அவள் முன்னால் நின்று பின்னலை அவிழ்த்தேன்.

"சாயம் போட்ட முடியா?"

"ஆமா. மாசாமாசம் போடுதேன்."

"சீப்பு எறங்குதா?"

"சீவித்தான் பாருங்களேன்."

இடுப்பில் செருகியிருந்த தன் சீப்பை எடுத்து உச்சியில் வைத்து இழுத்தாள். சீப்பு நிற்காமல் நுனி வரைக்கும் போனது. "யம்மாடி!" என்றாள். அந்த யம்மாடி எனக்கு. தலைக்குச் சோப்புப் போடக் கூடாது, வடிகஞ்சி ஊற்ற வேண்டும், ஈரத்திலேயே தைலம் தொட வேண்டும் என்று எல்லாவற்றையும் அவளுக்கு ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுத்தேன். அவள் தனக்கும் தன் அக்காளுக்கும் சீசா வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்து வந்த கூட்டத்திடம் என் வீட்டுக்காரர் உரக்கச் சொன்னார்: "என் வீட்டுக்காரி முடியப் பாருங்க!" தேர் இழுக்கிற சத்தத்தில்கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. என் ஓரகத்தி விரித்த கூந்தலோடு நடையிலேயே உட்கார்ந்திருந்தாள். யாரும் பார்க்கவில்லை. கடை அடைக்கிற நேரத்தில் தானே பின்னிக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் தலை முழுகிவிட்டு வரும்போது, அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வழியில் நின்றாள். "அக்கா, அந்தப் பச்சைச் சீசாவ நானும் கொஞ்சம் போட்டுப் பாக்கட்டா?"

"உனக்கு எதுக்கு அந்தப் பாடெல்லாம்? வெறும் நல்லெண்ணெயே போதும்லா" என்றேன்.

அவள் முகம் சுண்டிப் போனது. கிண்ணத்தோடு புழக்கடைக்குப் போனாள். கூந்தல் முழங்கால் வரைக்கும் கறுகறுவென்று அவள் பின்னால் ஆடிக்கொண்டே போனது. அப்போதும் அது அழகாகத்தான் இருந்தது, பாழாய்ப்போன முடி.