பலகை மேல் நிற்கச் சொன்னவன்

அந்தப் பெண் கவனக்குறைவால் சாகவில்லை. வீட்டுக்கார ஐயா, நீங்கள்தான் அவளைக் கொன்றீர்கள். இதை ஐந்து வருடம் கழித்தா சொல்வது என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

நடந்தது ராயபுரத்தில், கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு தெருவில். வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருடம் ஆகியிருந்தது. வாடகை வீடுகளுக்கெல்லாம் அப்போதுதான் எலெக்ட்ரிக் வந்துகொண்டிருந்தது. நான் லைசென்ஸ் உள்ள வயர்மேன். யானைக்கவுனியில் இரும்புக் கடை வைத்திருந்த ஒருவருக்கு அந்தத் தெருவில் பன்னிரண்டு குடித்தனம் கொண்ட வீடு ஒன்று இருந்தது. நடுவில் கிணறு. அந்தக் கிணற்றுக்கு மோட்டார் வைத்தவன் நான்தான்.

மோட்டார் வைத்தால் எர்த் போட வேண்டும். மோட்டாரின் இரும்பு உடம்பிலிருந்து ஒரு செப்புக் கம்பி போகும். தரையில் ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, உப்பும் அடுப்புக் கரியும் போட்டு, ஒரு செப்புத் தகட்டைப் புதைத்து அந்தக் கம்பியை அதோடு சேர்த்துவிட வேண்டும். உள்ளே கரண்ட் கசிந்தால் தொட்ட ஆளை விட்டுவிட்டு மண்ணுக்குள் போய்விடும். விஷயம் அவ்வளவுதான். சர்க்கார் ஆள் வந்து, கைப்பிடி போட்டுச் சுற்றும் ஒரு பெட்டியை வைத்துச் சோதிப்பார். எல்லாம் சரி என்றால் காகிதத்தில் நானும் கையெழுத்துப் போடுவேன். அவரும் போடுவார். பிறகுதான் கரண்ட் வரும். அதற்கப்புறம் யாரும் வந்து பார்க்க மாட்டார்கள்.

யுத்தத்துக்குப் பிறகு செம்பு லேசில் கிடைக்காது. அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியில் யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். சோதனைக்கென்று ஒரே ஒரு நல்ல தகடு இருக்கும். சோதனை முடிந்ததும் அதைத் தோண்டி எடுத்து அடுத்த வீட்டில் புதைப்போம். கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுக்கொண்டு போவதைப் போல.

ராயபுரத்தில் சோதனை முடிந்த மூன்றாம் நாள் வீட்டுக்காரர் என்னைக் கடைக்குக் கூப்பிட்டார். திருவொற்றியூரில் அவருக்கு இன்னொரு வீடு. அங்கே அடுத்த வாரம் சோதனை. ராயபுரத்துத் தகட்டை எடுத்துப் போய் அங்கே போடச் சொன்னார். இங்கே ஆள் குளிக்கிற இடமாயிற்றே என்றேன். அவர் சிரித்தார்.

"உற்சவர் ஒருத்தர்தானய்யா. எல்லாத் தெருவுக்கும் அவரே போய்ட்டு வரலையா? புதுசு வந்ததும் போட்டுக்கிடலாம்."

நானும் சிரித்தேன். போய்த் தோண்டி எடுத்தேன்.

வாசல் பக்கத்து முதல் குடித்தனத்தில் இருந்தவள் மீன் விற்கிறவள். விடிவதற்குள் காசிமேட்டுக் கரையில் ஏலத்தில் எடுத்து, தெருத்தெருவாக விற்று, உச்சி வேளைக்குக் கூடையோடு திரும்புவாள். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். ஒரே பெண் குழந்தை. அந்த மோட்டார் சில நாள் தண்ணீரை இழுக்காது. மேலே இருக்கிற மூடியைத் திறந்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால்தான் இழுக்கும். மற்றவர்கள் பயந்தார்கள். அவள்தான் ஊற்றுவாள்.

தகட்டை எடுத்து இரண்டு மாதம் இருக்கும். அந்தப் பக்கம் போனபோது என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, இந்த மோட்டாரு என் மாமியா மாதிரி கீது. மேல கை பட்டா கிள்ளுது."

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். கரண்ட் கசிகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே கடைக்குப் போய்ச் சொன்னேன். பார்த்துக்கொள்ளலாம் என்றார். திரும்பவும் போனேன். கடையில் கூட்டமாக இருக்கிறது, அப்புறம் வா என்றார். அப்போது நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போயிருக்க வேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த வேலை எனக்குக் கிடைக்காது. அதனால் உடைந்த மீன் பெட்டியிலிருந்து ஒரு பலகையை எடுத்து மோட்டார் பக்கத்தில் போட்டேன். இதன் மேல் நின்றுகொண்டு தொடு, ஒன்றும் செய்யாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பெரிய வேலை செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு வேறு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடவில்லை. வாசலில் கணுக்கால் தண்ணீர். குடித்தனத்துப் பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடம் போக வேண்டுமே என்று அவள் அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் பாலம் மாதிரி போட்டிருக்கிறாள். மத்தியானம் மழையில் நனைந்து வந்தவள், குளிக்கத் தண்ணீர் வரவில்லை என்று வெறுங்காலோடு மோட்டார் பக்கத்தில் நின்று மூடியில் கை வைத்தாள்.

இரண்டு தெரு தள்ளி ஒரு மாவு மில்லில் வேலையாக இருந்த என்னைத் தேடிக்கொண்டு ஓடிவந்து சொன்னார்கள். நான் போனபோது யாரோ ஸ்விட்சை அணைத்திருந்தார்கள். கிணற்றோரம் கிடத்தியிருந்தார்கள். உள்ளங்கை கருத்திருந்தது. கூடை அப்படியே இருந்தது. வீட்டுக்கென்று எடுத்து வைத்த நாலு சங்கரா மீன் அதில் இருந்தது. ரிக்ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

புருஷன் துறைமுகத்திலிருந்து வந்தான். அழவில்லை. எல்லோரையும் விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தான்.

"பலகை மேல நின்னு தொடுன்னு சொன்னியேண்ணே. மறந்துட்டாளா?"

ஆமாம் என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான சொல் அதுதான்.

அதோடு முடியவில்லை. விசாரிக்க வந்த அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். எர்த் சரியாக இருக்கிறது என்று எழுதி, கீழே என் கையெழுத்து. தகடு எங்கே என்று கேட்டார். ஐயா, நீங்கள் கொஞ்சமும் கூசாமல் சொன்னீர்கள், குடித்தனக்காரன் எவனோ தோண்டி எடுத்துக் காயலான் கடையில் போட்டிருப்பான் என்று. சொல்லிவிட்டு அவள் புருஷனைப் பார்த்தீர்கள். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். பெண்டாட்டி பிணம் வெளியே போன வீட்டில் அவனுக்குத் திருடன் என்று பெயர். மாதம் முடிவதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் போய்விட்டான்.

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். லைசென்ஸ் போய்விடும் என்ற பயம். வேறு காரணம் எதுவும் இல்லை. போன வாரம் வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார். தண்டையார்பேட்டையில் புது வீடு கட்டியிருக்கிறாராம், சோதனைக்கு நாள் குறித்தாயிற்றாம். திருவொற்றியூரில் இருக்கிற தகட்டை எடுத்து வந்து போட வேண்டுமாம். அதே தகடு. திருவொற்றியூர் வீட்டில் பதினாறு குடித்தனம்.

வந்த ஆளைத் திருப்பி அனுப்பினேன். திருவொற்றியூருக்குப் போய், தகடு புதைத்திருக்கிற இடத்தைக் குடித்தனக்காரர்களுக்குக் காட்டினேன். கடப்பாரையோடு யார் வந்தாலும் விடாதீர்கள், நான் வந்தாலும் விடாதீர்கள் என்றேன். நடந்ததை எல்லாம் எழுதி, என் லைசென்ஸையும் சேர்த்து அதிகாரியிடம் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணூருக்குப் போனேன். உப்பளத்தில் வேலை செய்கிறான். தலை நரைத்துப்போயிருந்தது. தகட்டை எடுத்தது நான் என்று சொன்னேன். அது மண்ணில் இருந்திருந்தால் அவள் ஈரத்தரையில் நின்று தொட்டிருந்தாலும் செத்திருக்க மாட்டாள் என்று சொன்னேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை. கையிலிருந்த மண்வெட்டியை உப்பில் குத்தி நிறுத்தினான்.

"அப்போ அவ மேல தப்பு இல்ல," என்றான். "ஒரு பலகைய மறந்துட்டு புள்ளைய வுட்டுட்டுப் பூட்டியேன்னு அஞ்சு வருசமா அவள திட்டிகினு கீறேண்ணே."

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீ போ," என்றான்.

இப்போது யார் வீட்டில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டாலும் என் கண் அதன் காலடியில் கம்பி போகிறதா என்றுதான் தேடுகிறது. சாகும்வரை தேடும்.

தகட்டை எடுத்தது நான். சொல்லிவிட்டேன். எடுக்கச் சொன்னது நீங்கள், வீட்டுக்கார ஐயா. என்னிடமோ அதிகாரியிடமோ வந்து சொல்ல வேண்டாம். ராயபுரத்து வீட்டில் அதே கிணற்றுக்குப் பக்கத்தில், பன்னிரண்டு குடித்தனமும் கேட்க, அவளுடைய புருஷனும் பெண்ணும் கேட்க, வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள். திருடன் யார்?